வால்வு எடுத்த லீவு

பத்து நாள் லீவு. ஏழு வருஷத்தில் முதல் தடவை. அதில் ஒரு நாளைக்கூட மாமியாருக்குக் கொடுப்பதில்லை என்று பம்ப் டாக்டர் தீர்மானம் செய்தார்.

பம்ப் டாக்டர் என்றால் வைத்தியர் இல்லை. கல் குவாரி, காடு, மண் வேலை என்று ரோடு இல்லாத இடத்தில் ஓடுகிற டீசல் வண்டிகளுக்குப் பம்ப் பார்க்கிற மெக்கானிக். ஒர்க்‌ஷாப்பில் வைத்த பெயர். வீட்டில் அவருக்குப் பெயரே கிடையாது. 'என்னங்க'தான்.

அவர் மனைவியின் திட்டம் வேறு. மலைமேல் அவள் தம்பி வீடு. பத்து நாளும் அங்கே. பஸ் அடிவாரத்தோடு நின்றுவிடும். அதற்கு மேலே எட்டு கிலோமீட்டர் கல் பாதை. ஜீப் மட்டும்தான் ஏறும். டாக்டரிடம் ஜீப் இருந்தது. வினை அங்கே.

மலை வீட்டில் மாமியார் இருந்தார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பேப்பர் படிப்பார், அவ்வளவுதான். சத்தமாகப் படிப்பார். முதல் பக்கத்தில் பிடித்தால் வரி விளம்பரம் வரை விடமாட்டார். பக்கத்தில் இருப்பவர் 'உம்' கொட்ட வேண்டும். கொட்டத் தவறினால், "கவனிக்கலையா மாப்பிள்ளை?" என்று மறுபடி முதல் பக்கம். போன தடவை டாக்டர் ஒரே ஒரு கொட்டாவி விட்டார். ஒரே பேப்பரை மூன்று முறை கேட்டார்.

வரமாட்டேன் என்று மனைவியிடம் சொல்லலாமே என்பீர்கள். சொல்லலாம்தான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாக அதற்கு நல்ல நாள் அமையவில்லை.

ஆகவே வால்வு.

டீசல் பம்பின் முதுகில் ஒரு கன்ட்ரோல் வால்வு இருக்கும். பம்புக்குள் எவ்வளவு டீசல் போகலாம் என்று முடிவு செய்வது அதுதான். குடும்பத்தில் மனைவி மாதிரி. அது உள்ளே சிக்கிக்கொண்டால் என்ஜின் இரைக்கும். ஏறும், இறங்கும், பொசுக்கென்று நின்றுவிடும். மச்சினன் ஜீப்பில் மூன்று வாரம் முன்னால் அதுதான் படுத்தது. கழற்றி டாக்டரிடம் அனுப்பியிருந்தான். புதுசு வர இன்னும் பத்து நாளாகும் என்று கடைக்காரர் கையை விரித்துவிட்டார்.

இரண்டு ஜீப்பும் ஒரே மாடல். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மனைவி கண்ணயர்ந்த நேரம். டாக்டர் தன் ஜீப்பிலிருந்த நல்ல வால்வைக் கழற்றினார். மச்சினனின் செத்த வால்வை மாட்டினார். நல்லதை ஒரு சாக்ஸில் சுருட்டி, ஷூவுக்குள் திணித்து, அலமாரிக்கு அடியில் தள்ளினார். லீவில் இருப்பவனின் ஷூவை யார் தொடப் போகிறார்கள்?

திங்கட்கிழமை காலை. பெட்டிகள் ஏறின. மனைவி ஏறினாள். டாக்டர் சாவியைத் திருப்பினார். ஜீப் உறுமியது. இறங்கியது. மறுபடி உறுமியது. கேட்டைத் தாண்டுவதற்குள் செத்தது.

"போச்சு! வால்வு போச்சு!" என்று டாக்டர் தலையில் கை வைத்தார். சத்தம் கொஞ்சம் கூடிவிட்டது.

எதிர்வீட்டுத் தையல்காரர் கழுத்தில் டேப்போடு ஓடிவந்தார்.

"என்ன சார், காலங்காத்தால வாழ்வே போச்சுங்கறீங்க? வீட்ல ஏதாவது சண்டையா?"

"வாழ்வு இல்லய்யா. வால்வு!"

"அடைச்சுக்கிட்டா ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

மனைவி இறங்கவில்லை. கைப்பை மடியிலேயே இருந்தது.

"வால்வுதான்னு எப்படிங்க தெரியும்?"

"இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்டி."

"பானட்டையே தெறக்கலையே?"

"சத்தத்துலயே தெரியும்."

"ம்" என்றாள்.

அந்த 'ம்'முக்கு டாக்டர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை.

"போன மாசம் தம்பி போன் பண்ணப்போ என்ன சொன்னீங்க?" என்றாள். "எடுத்த எடுப்புல வால்வு மேல பழி போடாதே. மொதல்ல ஃபில்டரைப் பாரு. அப்புறம் டீசல் பைப்புல காத்து இழுக்குதான்னு பாரு. அப்புறம் ஒயர். எல்லாம் சரியா இருந்தா, வண்டியோட கம்ப்யூட்டர் கேக்கற பிரஷரும் பம்ப் குடுக்கற பிரஷரும் ஒத்துப்போகுதான்னு பாரு. அதுக்கும் அப்புறந்தான் வால்வு. ஒன்றரை மணி நேரம் பேசினீங்க. சாப்பாடு ஆறிப்போச்சு."

"அது அவனுக்குச் சொன்னதுடி. அவன் கத்துக்குட்டி."

"நம்ம வண்டின்னா மட்டும் இளப்பமா? பாருங்க. முறைப்படி பாருங்க."

பார்த்தார். வேறு வழி? ஊருக்குப் போகப் போட்ட வெள்ளைச் சட்டையோடு வண்டிக்கு அடியில் படுத்தார். மனைவி அவருடைய சாய்வு நாற்காலியைக் கொண்டுவந்து வாசலில் போட்டுக்கொண்டாள்.

"ஃபில்டர்?"

"மாத்தியாச்சு."

"தண்ணி தேங்கியிருந்துச்சா?"

"கொஞ்சம்."

"பாத்தீங்களா! சரி, பைப்பு?"

"எங்கயும் காத்து இழுக்கலடி."

"அந்தப் பக்கக் கிளிப்பு?"

"அதுவும் இறுக்கியாச்சு, தாயே!"

ஒயரைத் தடவித் தடவிப் பார்த்தார். கனெக்டரைத் துடைத்தார். மணி மூன்று. வெள்ளைச் சட்டை சாம்பல் தாண்டிக் கறுப்புக்கு வந்திருந்தது. கடைசியாக மீட்டரைச் செருகி ஜீப்பைக் கிளப்பினார். எண்கள் துள்ளின. தொழில்காரப் புத்தி, மனுஷன் தன்னை மறந்துவிட்டார்.

"பாத்தியா! பாத்தியா! கம்ப்யூட்டர் கேக்கறது முந்நூறு. பம்ப் குடுக்கறது நூத்தம்பது! இப்ப நானூறு! மறுபடி நூத்தம்பது! என்னா ஆட்டம்! பாடப் புஸ்தகத்துல போடலாம்டி இதை!"

"சந்தோஷமா இருக்கீங்களே?"

டாக்டர் முகத்தைத் தொங்கப் போட்டார். "வயித்தெரிச்சல்ல சொல்றேன்."

"புது வால்வு எப்ப வரும்?"

"பத்து நாள்."

"அப்போ போக முடியாது."

"முடியாது."

"சரிங்க" என்றாள். அழவில்லை. முறைக்கவில்லை. பெட்டிகளை இறக்கிவிட்டு உள்ளே போய் யாருக்கோ போன் செய்தாள். அப்புறம் பஸ் நிலையம் வரை போய் வந்தாள். எதற்கு என்று டாக்டர் கேட்கவில்லை. ஜெயித்தவன் கேள்வி கேட்பதில்லை.

செவ்வாய்க்கிழமை சொர்க்கம். நாற்காலியில் சாய்ந்தார், தூங்கினார், எழுந்தார், பக்கத்தில் டீ இருந்தது. மனைவி தும்பைப் பூவாகத் துவைத்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு நாள் இல்லை. அதையாவது அவர் சந்தேகப்பட்டிருக்கலாம்.

புதன்கிழமை காலை வாசலில் ஹாரன். ஒரு ஜீப். சேற்றுச் சக்கரம். என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. ஏற்றமில்லை, இறக்கமில்லை, தறி மாதிரி ஒரே சீர். டாக்டருக்கு, அடுத்த வீட்டில் தன் பிள்ளையின் குரல் கேட்ட மாதிரி இருந்தது.

மச்சினன் குதித்து இறங்கினான்.

"மாமா! நீங்க மனுஷனே இல்ல!"

"ஏன்டா, நான் என்ன பண்ணேன்?"

"தெய்வம் மாமா! என் வண்டி நிக்குதேன்னு உங்க வண்டில இருந்த வால்வையே கழட்டி பஸ்ல குடுத்து அனுப்பிட்டீங்களே! அக்கா போன்லயே சொல்லிச்சு. கையைக் கழுவு, தூசி விழாம பாத்துக்க, ரெண்டே போல்ட்டு, ஒயரைச் செருகு. பத்து நிமிஷம். சிங்கம் மாதிரி ஏறுது மாமா!"

டாக்டர் மனைவியைப் பார்த்தார். அவள் புடவைத் தலைப்பைச் சரி செய்துகொண்டிருந்தாள்.

"சாக்ஸ் தோய்க்கலாம்னு எடுத்தேன்" என்றாள் மெதுவாக, தம்பிக்குக் கேட்காமல். "கனமா இருந்துச்சு."

"அப்பத்தான் தெரிஞ்சுதா?"

"வண்டி நின்னப்பவே தெரியும். ஊர்ல இருக்கற வண்டிக்கெல்லாம் வால்வைக் கடைசியாச் சொல்ற மனுஷன், நம்ம வண்டிக்கு மட்டும் உக்காந்த இடத்துலயே சொன்னீங்க. அப்புறந்தான் வீடு பூரா தேடினேன்."

"தெரிஞ்சும் எதுக்குடி என்னை நாள் பூரா வண்டிக்கு அடியில போட்டே?"

"ஃபில்டர் மாத்தி ரெண்டு வருஷமாச்சு. எப்பச் சொன்னாலும் நேரமில்லைம்பீங்க."

தெய்வம் ஆனவன் திருடன் ஆக முடியாது.

"நான் தம்பியோட கெளம்பறேங்க" என்றாள் இப்போது எல்லோருக்கும் கேட்க. "நீங்க உங்க லீவை நிம்மதியா அனுபவிங்க."

டாக்டர் மனசுக்குள் கணக்குப் போட்டார். மலை இல்லை. மாமியார் இல்லை. மனைவிகூட இல்லை. வீடு முழுக்க அவருக்கு. ஒரு வால்வுக்கு இது கொள்ளை லாபம்! பெட்டிகளைத் தானே தூக்கிக்கொண்டு ஓடினார். ஜீப்பின் பின் கதவைத் திறந்தார்.

முதலில் ஒரு குடை இறங்கியது. அப்புறம் கண்ணாடிக் கூடு. அப்புறம், கயிறு போட்டுக் கட்டிய பேப்பர் கட்டு. அப்புறம் மாமியார்.

"சொந்த வால்வைக் குடுத்துட்டு வண்டி இல்லாம, பாவம், தனியா உக்காந்திருக்கறவரை அப்படியே விட்டுட முடியுமான்னு அம்மா ஒரே பிடிவாதம்" என்றான் மச்சினன்.

"அத்தை எதுக்கு... சிரமம்..." என்றார் டாக்டர்.

"மாப்பிள்ளைக்குச் செய்யறதுல என்ன சிரமம்?" என்றார் மாமியார். நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார்.

மனைவி முன் சீட்டில் ஏறினாள். கையசைத்தாள். ஜீப் தெருமுனையில் திரும்பியது. ஒரு விக்கல்கூட இல்லை.

டாக்டர் ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். மனசைத் தேற்றிக்கொள்ள ஒரு வழிதான் பாக்கி இருந்தது.

"லீவு இன்னும் எட்டு நாள்தான் அத்தை. அப்புறம் நான் வேலைக்குப் போயாகணும்."

"வர்ற வழியிலயே உங்க முதலாளியைப் பாத்துட்டேன் மாப்பிள்ளை. இன்னும் ஒரு வாரம் சேத்து எடுத்துக்கச் சொல்லிட்டாரு."