கொடுத்தனுப்பாத ஜீப்

என் வாழ்நாளில் நான் ஒரே ஒரு ஜீப்பைத் தானம் கொடுத்திருக்கிறேன். அந்த ஜீப் என்னிடம் இருந்ததில்லை. எங்கள் திருச்சபையிடமும் இருந்ததில்லை. அதைக் கொடுத்த நாளில் எனக்குச் சொந்தமாக இருந்த ஒரே வண்டி, அடிக்கடி செயின் கழலும் ஒரு சைக்கிள்.

அறுபதுகளின் பிற்பகுதி. திண்டுக்கல்லில் ஒரு மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தேன். எங்கள் சபைக்குச் செயலாளரும் நான்தான். (எனக்கு ஆங்கிலம் பிரமாதமாக வரும் என்று ஊரில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டவனும் நான்தான்.)

ஒருநாள் ஜெர்மனியிலிருந்து கடிதம் வந்தது. காலங்காலமாக எங்களுக்கு மிஷனரிகளை அனுப்பிவந்த சபை எழுதியது. இனிமேல் கொடுக்கிறவர், வாங்குகிறவர் என்ற பேதம் வேண்டாம். நாங்களும் நீங்களும் தான்சானியா சபையும் ஊழியத்தில் சமபங்காளிகள். திண்டுக்கல்லில் கூடிப் பேசுவோம். ஒவ்வொரு சபையும் ஒரு பட்டியலோடு வரட்டும். முதல் பக்கம் இத்துடன் முடிந்தது. என்ன பட்டியல் என்பது இரண்டாம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பக்கத்தை நான் திருப்பவே இல்லை. வெள்ளைக்காரர்கள் பட்டியல் கேட்டால் அது நம் தேவைகளின் பட்டியல்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

கமிட்டி கூடியது. அத்தனை பேரும் நேரத்துக்கு வந்த ஒரே கமிட்டி அதுதான். பள்ளிக்கூரைக்குத் தகரம், ஹார்மோனியம், கோயில் மணிக்குக் கயிறு என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். சின்னாளப்பட்டிப் பக்கம் வெங்காயம் போடும் ஞானமுத்து எழுந்தார்.

"வாத்தியாரே, கேக்குறதுதான் கேக்குறோம், ஒரு ஜீப்பையும் போட்டு வைங்க. நம்ம ஐயரு அம்புட்டுத் தூரம் நடந்தே போறாரு."

ஐயர் (எங்கள் பக்கத்தில் போதகரை அப்படித்தான் சொல்வோம்) வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில், செயலாளருக்கு ஒரு டைப்ரைட்டர் என்று நானே சேர்த்துக்கொண்டேன். மொத்தம் பதினான்கு.

கூட்டம் பள்ளி ஹாலில், காலை பத்து மணிக்கு நடந்தது. தான்சானியா போதகர் எலியா முதலில் எழுந்தார். நெடிய மனிதர். கோட்டின் முழங்கையில் ஒட்டுப் போட்டிருந்தது.

"எங்கள் சபை மற்ற இரண்டு சபைகளுக்கும் கொடுக்கக்கூடியவை," என்று ஆரம்பித்தார்.

கேட்டிருந்தது கொடுக்கிற பட்டியல் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. பாட்டுச் சொல்லித்தர ஒருவரை அனுப்புவார்களாம், தோட்டத்துக் காப்பிக்கொட்டை அனுப்புவார்களாம். அடுத்து ஜெர்மன் அம்மையார் எழுந்து, ஒரு டாக்டரை அனுப்புகிறோம் என்றார். தங்கள் கோயில்களில் ஆட்கள் குறைந்துகொண்டே வருகிறார்கள், உங்களில் யாராவது வந்து எங்களோடு ஊழியம் செய்யுங்கள் என்றும் கேட்டார். அவர்கள் நம்மிடம் கேட்டு நான் பார்த்தது அன்றுதான்.

"வாசிங்க தம்பி," என்று ஐயர் பெருமையோடு என்னை இடித்தார். கொடுக்கிறவர்கள் சொல்லியாயிற்று, இனி கேட்கிற எங்கள் முறை என்று நினைத்துக்கொண்டார்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். புத்தியுள்ளவன் அதைத்தான் செய்வான். நானோ எழுந்து நின்று, அதே பட்டியலைக் கொடுக்கிற பட்டியலாக மாற்றி ஆங்கிலத்தில் வாசித்தேன். பள்ளிக்கூரைக்குத் தகரம், நாற்பது, கொடுப்போம். ஹார்மோனியம் ஒன்று, கொடுப்போம். ஆங்கிலம் தெரியாத கமிட்டிக்காரர்கள் தங்கள் சாமான்களின் பெயர்கள் காதில் விழ விழப் பூரித்துப்போனார்கள். ஜீப் என்றதும் ஞானமுத்து கைதட்டினார். ஆங்கிலம் தெரிந்த ஐயரின் முகத்தில் ஈயாடவில்லை.

வாசித்து முடித்ததும் எலியா கண்கலங்க வந்து என்னைக் கட்டிப்பிடித்தார். "ஜீப்பா! எங்களுக்கா!" என்றார். அந்த ஒட்டுப்போட்ட முழங்கை என் தோளில் பட்டது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

"ஐயா, எங்களிடம் ஜீப் இல்லை. ஹார்மோனியமும் இல்லை. இது நாங்கள் உங்களிடம் கேட்க எழுதியது," என்று அழாத குறையாகச் சொன்னேன்.

அவர் பட்டியலை வாங்கிப் பார்த்தார். தோள்கள் குலுங்கின. அழுகிறார் என்றுதான் நினைத்தேன். மனிதர் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நாங்களும் இப்படித்தான் எழுதினோம். எங்களுடையதில் இருபத்தொன்று இருந்தன. முதலாவதே ஜீப்தான். நல்லவேளை, கிளம்புவதற்கு முன் என் மனைவி இரண்டாம் பக்கத்தைப் படித்துவிட்டாள்."

சிரிப்பு அடங்கியதும் கேட்டார்: "எங்கள் பள்ளியில் இரண்டு வருடமாகக் கணக்குச் சொல்லித்தர ஆளில்லை. அப்படி ஒருவர் உங்களிடம் இருக்கிறாரா?"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒருத்தி எழுந்தாள். என் மனைவி சாலோமி. எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ், அவள் ஆங்கிலம் நிஜமான ஆங்கிலம்.

"ஐயரே, சபை மானத்தை இம்புட்டும் வாங்குனது இவருதானே? இவரையே குடுத்துருங்க. தனியா விட்டா அங்க போயி என்னத்தைக் குடுப்பாரோ தெரியல, நானும் போறேன். ஒரு நர்ஸுன்னு எழுதிக்கங்க."

ஐயர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். எங்கள் சபையின் பெயருக்கு எதிரே முதல்முறையாக, கொடுப்பவை என்று ஒன்று எழுதப்பட்டது.

"அப்ப ஜீப்பு வராதா?" என்று பக்கத்தில் விசாரித்தார் ஞானமுத்து. விஷயம் புரிந்ததும், "போனாப் போகுது. நம்ம ஊருலருந்தும் ஆளு போகுதுல்ல!" என்று முன்னைவிடப் பலமாகக் கைதட்டினார்.

மூன்று வருடம் எலியாவின் அடுத்த வீட்டில் இருந்தோம். எங்கள் மூத்த மகள் அங்கேதான் பிறந்தாள். பிரசவம் பார்த்தது, இரண்டாம் பக்கம் படித்த அந்த அம்மாள்தான். நான் கணக்குக் கொஞ்சம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டு வந்தது ஏராளம். இன்றும் சாப்பாட்டுக்கு முன் ஜெபிக்கும்போது அந்த வீட்டுக்காக நன்றி சொல்லாமல் நான் தட்டைத் தொடுவதில்லை.

ஊர் திரும்பிய பின் ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் எலியாவின் கடிதம் வரும். "ஜீப் இன்னும் வந்து சேரவில்லை" என்று முடியும். "கொடைரோடு தாண்டிவிட்டது" என்று எங்கள் பக்கத்து ஸ்டேஷனைச் சொல்லிச் சாலோமி பதில் போடுவாள். எலியா காலமான பிறகு அவருடைய மகள் எழுதுகிறாள். போன கிறிஸ்துமஸ் கடிதத்தைச் சாலோமிக்கு வாசித்துக் காட்டினேன். ஜீப் இன்னும் வரவில்லை என்று முடித்துவிட்டு மடித்தேன்.

"ரெண்டாம் பக்கத்தைப் பாத்தீங்களா?" என்றாள், என் வீட்டில் எல்லாரும் எதற்கெடுத்தாலும் என்னைக் கேட்பதுபோல.

திருப்பினேன். எழுதியிருந்தது: "என் மகன் டாக்டராகிவிட்டான். உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு வருடம் வேலை செய்ய அவனை அனுப்புகிறோம். திரும்பும்போது ஜீப்பை அவனிடமே கொடுத்தனுப்பவும்."