இன்னொருவர் சுட்ட தோசை

மே மாதம் நாலாம் தேதி ஆகியும் கயல்விழியின் கட்டம் மட்டும் காலியாகவே இருந்தது.

“அக்கா, நீங்க இன்னும் எழுதவே இல்ல” என்றாள் ஓவியா, ஃபிரிட்ஜ் கதவைக் காட்டி.

கதவு முழுக்க ஓர் அட்டை. மேலே ஸ்கெட்ச் பேனாவில் ‘சின்னச் சின்ன சந்தோஷங்கள்’ என்று எழுதி, இரண்டு பக்கமும் சூரியகாந்திப் பூ. கீழே பத்துப் பேரின் பெயர், எதிரே மாதம் முடியும்வரை கட்டங்கள். வீட்டிலிருக்கும் ஒவ்வொருவரும் தனக்குப் பிடித்த சின்ன சந்தோஷம் ஒன்றை எழுத வேண்டும்; மற்றவர்கள் சேர்ந்து அதை நடத்திக் கொடுக்க வேண்டும். பெங்களூரில் ஏதோ வகுப்பில் ஓவியா கற்றுக்கொண்டு வந்த ஏற்பாடு.

‘மற்றவர்கள்’ என்றால் கயல்விழி என்பது இரண்டாம் நாளே தெரிந்துவிட்டது.

பழைய தங்கச் சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான மைசூர் மைன்ஸ் லைனில் இருக்கிற அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்து இருபத்தாறு வருஷம். மாமனார் மாமியார் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். கணவன் தம்மபாலன் விடியற்காலை ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போனால் இருட்டித்தான் திரும்புவான். ஒவ்வொரு மே மாதமும் கொழுந்தன் வேந்தனும் அவன் மனைவி ஓவியாவும் பெங்களூரிலிருந்து வருவார்கள். நாத்தனார் சங்கமித்ராவும் அவள் வீட்டுக்காரர் சௌந்தரராஜனும் சென்னையிலிருந்து வருவார்கள். ஆளுக்கு இரண்டு பிள்ளைகள். வழக்கமாக ஒரு வாரம் இருந்துவிட்டுக் கிளம்புகிற கூட்டம், இந்த வருஷம் மாதம் முழுக்க இருக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டே செருப்பைக் கழற்றியது.

வேந்தனின் மகன் ராகுலன், ‘கையாலேயே மாம்பழம் சாப்பிட வேண்டும்’ என்று எழுதினான். மாம்பழத்துக்குப் பேர்போன சீனிவாசபுரத்திலிருந்து ஒரு கூடை வந்தது. நாலு பிள்ளைகளும் கையால் சாப்பிட்டார்கள், முழங்கையால் சாப்பிட்டார்கள், சுவரெல்லாம் தடவினார்கள். ஐந்து நாளைக்கு ஒருமுறை வருகிற தண்ணீரில் இரண்டு டிரம் சுவருக்கே போயிற்று. சௌந்தரராஜன், ‘மத்தியானம் சத்தமில்லாமல் இரண்டு மணி நேரத் தூக்கம்’ என்று எழுதினார். அதற்காகக் கயல்விழி நாலு பிள்ளைகளையும் வெயிலில் ஓட்டிக்கொண்டு பக்கத்து வீட்டுப் பியூலாவிடம் போய் உட்கார வேண்டியதாயிற்று.

“இன்னா கயலு, உன் நாத்தனார் ஊட்டுக்காரரு தூங்கறதுக்கு லைன் பூரா நுனிக்கால்ல நடக்கணுமா?” என்று பியூலா கேட்டாள்.

“சந்தோஷமாம், பியூலா. சின்னது.”

“இதுவே சின்னதுன்னா, பெருசு எப்டி இருக்குமோ!”

தம்மபாலன் மட்டும்தான் யாருக்கும் தொந்தரவு கொடுக்கவில்லை. முதல் நாள் ‘ரயிலில் சீட் கிடைத்தது’ என்று எழுதிவிட்டு, முப்பத்தொன்றாம் தேதி வரைக்கும் ‘மேற்படி’ போட்டுவிட்டான்.

“எழுதுங்க அக்கா” என்று ஓவியா பேனாவை நீட்டினாள். “உங்களுக்குன்னு ஒரு ஆசை இருக்கும் இல்ல?”

இருந்தது. கல்யாணமான நாளிலிருந்து இருந்தது. ராபர்ட்சன்பேட்டை பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டலில், காலை பதினோரு மணிக்கு, கூட்டமில்லாத நேரத்தில், ஃபேனுக்குக் கீழே தனியாக உட்கார்ந்து ஒரு மசால் தோசை சாப்பிட வேண்டும். இன்னொருவர் மாவு ஆட்டி, இன்னொருவர் சுட்டு, இன்னொருவர் தட்டைக் கழுவ வேண்டும். அவ்வளவுதான். வெட்கத்தை விட்டு, ‘தனியா மசால் தோசை’ என்று எழுதினாள்.

ஓவியாவின் கண் கலங்கியது. “எவ்ளோ சிம்பிள் அக்கா நீங்க!”

மறுநாள் கயல்விழி எழுந்து வருவதற்குள் ஹாலில் பலூன் கட்டியிருந்தது. ‘அண்ணி தோசை தினம்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். ‘தனியா’ என்பதை அவர்கள் ‘ஆளுக்குத் தனித்தனியாக’ என்று புரிந்துகொண்டார்கள் போலிருக்கிறது.

“அண்ணி, எனக்கு வெங்காயம் போட்டு” என்றாள் சங்கமித்ரா.

“எனக்கு முறுகலா” என்றார் சௌந்தரராஜன், தூக்கத்திலிருந்து.

நாற்பத்து மூன்று தோசை. கடைசித் தோசையைத் தன் தட்டில் போட்டு வைத்துவிட்டு, அடுப்பை அணைத்துத் திரும்பினாள். அதை ராகுலன் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தான்.

“ஒரு நிமிஷம் அக்கா, அப்டியே கரண்டியோட நில்லுங்க” என்று ஓவியா போட்டோ எடுத்தாள். குடும்பக் குரூப்பில் போடுவதற்காம். அம்மியில் அரைக்கும்போதும் எடுத்தாள், வாசல் தெளிக்கும்போதும் எடுத்தாள்.

கேட்டு வாங்குகிற விஷயமில்லை இது என்று கயல்விழி முடிவு செய்தாள். பத்தாம் தேதி காலை பையை எடுத்துக்கொண்டு, “ராபர்ட்சன்பேட்டை வரிக்கும் போய்ட்டு வந்துடறேன். ரேசன் கார்டுக்குக் கைரேகை வெக்கணும்” என்றாள்.

“வெயில்ல ஏன் பஸ்ல போறீங்க அண்ணி? கார் எதுக்கு இருக்கு?” என்று வேந்தன் சாவியை எடுத்தான். சாவிச் சத்தம் கேட்டதும் பிள்ளைகள் ஓடி வந்தார்கள். பிள்ளைகள் போவதால் சங்கமித்ரா கிளம்பினாள். எல்லோரும் போவதால், “அப்டியே சைனைட் மேட்டுக்கும் போயிடலாமா?” என்றாள் ஓவியா; தங்கம் பிரித்த கழிவு மண் மலையாகக் குவிந்து கிடக்கிற இடம் அது. அப்படிப் போவதால் புளிசாதமும் உருளைக்கிழங்கும் செய்ய வேண்டியதாயிற்று. அதைக் கயல்விழிதான் செய்தாள்.

வேந்தன் அவளை ஆபீசிலேயே இறக்கிவிட்டு, வரிசையிலும் துணைக்கு நின்றான். ஒன்றரை மணி நேரம் கழித்து அவள் கட்டை விரலை வைத்தாள்.

“இன்னாம்மா, பிப்ரவரியிலயே வெச்சுட்டீங்களே” என்றார் கிளார்க்.

கயல்விழி வேந்தனைப் பார்க்காமல், “இன்னொரு வாட்டி வெச்சா நல்லதுன்னு...” என்று இழுத்தாள்.

திரும்பும் வழியில் கார் அந்த ஓட்டலைத் தாண்டிப் போயிற்று. ஃபேனுக்குக் கீழே அந்த மேஜை காலியாக இருந்தது.

“இங்க தோசை நல்லா இருக்கும்னு சொல்வாங்க” என்று பொதுவாகச் சொல்லிப் பார்த்தாள்.

“போங்க அண்ணி, உங்க தோசை கிட்ட வருமா?” என்றாள் சங்கமித்ரா. காரிலிருந்த அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

சைனைட் மேட்டில் அனல் காற்று அடித்தது. மைன்ஸ் காலத்து மண் பறந்து வந்து புளிசாதத்தில் விழுந்தது. ஓவியா அதையும் போட்டோ எடுத்தாள்.

மூன்றாவது முயற்சி பல்வலி. பல் டாக்டர் ராபர்ட்சன்பேட்டையில்தான் இருக்கிறார். பல்வலிக்கு யாரும் பிக்னிக் வரமாட்டார்கள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு, “நானே ஆட்டோ புடிச்சிப் போய்க்கிறேன்” என்றாள்.

“தனியா எப்டிண்ணி அனுப்புவேன்?” என்று வேந்தன் பதறிப்போனான். இந்த ஒரு குணத்துக்காகவே அவனை எதுவும் சொல்ல வாய் வராது அவளுக்கு. அவள் இந்த வீட்டுக்கு வந்தபோது அவனுக்குப் பத்து வயது. தலை சீவிவிட்டு, சோறு கட்டிக் கொடுத்து, காய்ச்சல் வந்தால் மடியில் போட்டுக்கொண்டு வளர்த்தவள். அண்ணி என்று கூப்பிட்டானே தவிர, அடம் பிடித்ததெல்லாம் அம்மாவிடம் பிடிக்கிற மாதிரிதான்.

டாக்டர் வாய்க்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

“நல்ல நேரத்துல வந்தீங்க. கடவாய்ப் பல்லு சொத்தை. எடுத்துடலாம்.”

“எடுக்கறதா? வலிக்கவே இல்லீங்களே டாக்டர்!”

“வலிக்குதுன்னுதானேம்மா வந்தீங்க?”

வேந்தன் பக்கத்திலேயே நின்றான். பாசத்தோடு அவள் கையைப் பிடித்துக்கொண்டான். பல் போயிற்று.

ஒரு வாரம் கஞ்சிதான் என்றார் டாக்டர். அந்த ஒரு வாரமும் வீட்டில் பிரியாணி. உப்பு, காரம் பார்க்கக்கூட அவளால் முடியவில்லை. சங்கமித்ரா ருசி பார்த்துச் சொன்னாள், ருசி பார்த்தே தவலையில் கால்வாசியைக் காலி செய்தாள். ஓவியா அடுப்பருகே நோட்டுப் புத்தகத்தோடு நின்றாள்.

“அக்கா, ஆறு பேருக்கு இவ்ளோ அரிசின்னா எட்டுப் பேருக்கு?”

“கண்ணளவுதான் ஓவியா. நான் எங்க அளந்தேன்?”

“அளந்து வெச்சா உங்களுக்கே நல்லதுக்கா” என்றாள் ஓவியா. தன்னிடம் சமையல் கற்றுக்கொள்ள ஒருத்தியாவது ஆசைப்படுகிறாளே என்று, பல் எடுத்த இடத்தில் தையல் வலித்த வாயோடு கயல்விழி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள்.

இருபத்து மூன்றாம் தேதிக்கு மேல் வீட்டில் வேறு மாதிரியான கலவரம் ஆரம்பித்தது. வேந்தன் பின்னறையிலிருந்த பழைய இரும்புப் பெட்டிகளையும் மூட்டைகளையும் வெளியே தூக்கிப் போட்டான். பெயிண்டர் வந்தார். பிளம்பர் வந்தார். இளம்பச்சைச் சுவர், தேக்கு நிறத்தில் கட்டில், இரண்டு ஜாண் உயரத்துக்கு மெத்தை, உட்கார்ந்து போகிற மாதிரி வெள்ளைக் கக்கூஸ், சுடுதண்ணீர் வரும் குழாய்.

தூசியைப் பெருக்கிப் பெருக்கி இடுப்பு விட்டுப்போன கயல்விழி, வேலையாட்களுக்கு டீயை நீட்டியபடி கேட்டாள்: “இன்னாத்துக்குத் தம்பி இவ்ளோ செலவு?”

“உங்களுக்குத்தான் அண்ணி. வேற யாருக்கு? எத்தினி வருசமா ஹால்ல பாயப் போட்டுப் படுத்துக்கினு கீறீங்க?”

கயல்விழி டீத் தட்டைக் கீழே வைத்தாள். அடுக்களைக்குள் போய், குழாயைத் திறந்தாள். தண்ணீர் வராத நாள் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. முகத்தை முந்தானையாலேயே துடைத்துக்கொண்டாள். இந்த ஒரு மாதம் அவனைப் பற்றியும் ஓவியாவைப் பற்றியும் மனசுக்குள் திட்டியதை எல்லாம் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துக்கொண்டாள். பல்லைக்கூட மன்னித்துவிட்டாள்.

நேராக ஃபிரிட்ஜிடம் போனாள். யாரும் பேனா நீட்டவில்லை. தானாகவே எடுத்து, தன் கட்டத்தில் எழுதினாள்: ‘வேந்தன் எனக்கு ரூம் செய்து கொடுத்தான்.’

அதை ஓவியா படித்தாள். வேந்தனைப் பார்த்தாள். வேந்தன் ஃபேனைப் பார்த்தான்.

“இப்பவே அதுல படுத்துடாதீங்க அண்ணி” என்றான். “பெயிண்ட் வாசன போவட்டும். மெத்தையோட பிளாஸ்டிக் கவரையும் பிரிக்காதீங்க.”

“நான் இன்னா கொழந்தையா? இருவத்தாறு வருசம் இருந்தவளுக்கு நாலு நாள் இருக்கத் தெரியாதா?” என்று சிரித்தாள் கயல்விழி. அந்த மாதத்தில் அவள் சிரித்தது அப்போதுதான்.

முப்பத்தொன்றாம் தேதி இரண்டு குடும்பமும் கிளம்பியது. ஓவியா அவளைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். சங்கமித்ரா மீதமிருந்த மாங்காய் ஊறுகாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். கார் ஏறும்போது வேந்தன் மட்டும் எதையோ சொல்ல வந்தவன் மாதிரி நின்றான்.

“இன்னா தம்பி?”

“ஒண்ணுமில்ல அண்ணி. அப்றமா போன்ல பேசறேன்.”

நிலைகொள்ளாத பாசம், பாவம் என்று நினைத்தாள்.

ஜூன் முதல் தேதி. தம்மபாலன் ரயிலுக்குப் போய்விட்டான். வீடு கழுவிவிட்ட மாதிரி அமைதியாக இருந்தது. கயல்விழி சமைக்கவில்லை. பத்து மணிக்குக் குளித்து, ஊதா நிறச் சேலையைக் கட்டி, தலை நிறையப் பூ வைத்துக்கொண்டாள். வாயின் வலது பக்கம் ஆறியிருந்தது. நாக்கால் தடவிப் பார்த்துக்கொண்டாள். போகும்போது பின்னறைக் கதவைத் திறந்து, தன் கட்டிலை ஒரு தடவை பார்த்தாள். கண்ணாடிக் காகிதத்துக்குள் கல்யாணப் பெண் மாதிரி இருந்தது மெத்தை. இன்றைக்கு வந்து பிரித்துவிட வேண்டியதுதான்.

“எங்க கயலு, இவ்ளோ ஜோரா?” என்று பியூலா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

“ராபர்ட்சன்பேட்டை.”

“நானும் வரட்டா?”

“வராத” என்றாள் கயல்விழி. இருபத்தாறு வருஷத்தில் அவள் ஒருவரிடம் இப்படிச் சொல்வது முதல் தடவை. சொன்னதே தோசை சாப்பிட்ட மாதிரி இருந்தது.

பூட்டைப் போட்டுவிட்டுத் திரும்பினாள். வாசலில் ஒரு டாக்சி வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர் இறங்கினார். அவர் பின்னால் மனைவி, மாமியார், இரண்டு பிள்ளைகள், மூன்று பெட்டிகள். வழி கேட்கிறார்கள் என்று நினைத்து, “ஊட்டு நம்பர் சொல்லுங்க” என்றாள்.

அவர் கையிலிருந்த போனையும் வீட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு போனிலிருந்த படத்தையும் அவள் முகத்தையும் பார்த்தார். முகம் மலர்ந்துபோயிற்று.

“வேந்தன் சாரோட ஹோம்ஸ்டே இதானேம்மா? ஜூன், ஜூலை பூரா புக்காயிடுச்சாமே, நல்லவேளை, மொத வாரம் எங்களுக்குக் கெடச்சுது. சமைக்கிற அம்மா நீங்கதானே?”