முறியாத கால்களுக்கு மாவுக்கட்டு

"மருத்துவமனை ஸ்டோரில் உள்ள பொருளை நோயாளிக்கன்றி வேறு எவருக்கும் செலவிடக் கூடாது." இது விதி. நான் நிர்வாக அலுவலராக இருந்த கோவை மருத்துவமனையில் இந்த விதிக்கு எல்லோரும் கட்டுப்பட்டார்கள், மாவுக்கட்டாரைத் தவிர.

எலும்பு முறிவுப் பிரிவின் தலைவர் அவர். முறியாத கால்களுக்கு இந்த உலகத்திலேயே அதிகமாக மாவுக்கட்டுப் போட்டவர் அவராகத்தான் இருக்க வேண்டும். மேற்படிப்புக்கு வரும் இளம் டாக்டர்களை, முதல் நோயாளியைத் தொடுவதற்கு முன்பே படுக்க வைத்து, தொடையிலிருந்து பாதம் வரை கட்டிவிடுவார். இரண்டு நாள் அதோடுதான் நடமாட வேண்டும். விடுதிக் கழிப்பறைக்கும் அதோடுதான். பீளமேடு போகும் டவுன் பஸ்ஸில் ஏறி இறங்கி, டிக்கெட்டைக் கொண்டுவந்து காட்டவும் வேண்டும்.

உடுமலைப்பேட்டைக்காரர். கிளம்ப மறுக்கும் தன் ஸ்கூட்டரிடமே "ஏனுங்க, போலாமுங்களா" என்று கேட்பவர். அவ்வளவு மரியாதையாக ஒருவர் காலைக் கட்டிப்போட்டால் யார்தான் எதிர்ப்பது?

சென்னையிலிருந்து நித்யா என்ற டாக்டர் வந்து சேர்ந்தார். கட்டுப் போட்ட இரண்டாம் நாள் நொண்டிக்கொண்டே என் அறைக்கு வந்து விடுப்பு கேட்டார். எலும்பு முறிந்தால் உண்டு, முறியாவிட்டால் இல்லை என்று விதியைச் சொன்னேன்.

"அப்போ முறிச்சுக்கட்டுமா சார்?" என்றார்.

பின்னாலேயே மாவுக்கட்டார் வந்துவிட்டார்.

"அரிக்குதுங்களா அம்மணி?"

"உயிர் போகுது சார்."

"எதுல சொறிஞ்சீங்க?"

"எதுலயும் சொறியல சார்."

"பொய் சொல்லாதீங்க கண்ணு. ஸ்கேல் வெளிய வந்துருச்சுங்களா, உள்ளயே இருக்குதுங்களா?"

நித்யா தலையைக் குனிந்துகொண்டார். "உள்ள இருக்கு சார்."

கட்டைப் பிரித்தபோது கிடைத்த ஸ்கேல் என் அலுவலகத்தது.

அந்த வருடம் வந்த தணிக்கையாளர், முறிந்த கால்களைவிடப் போட்ட கட்டுகள் அதிகம் என்று கண்டுபிடித்தார். விளக்கம் கேட்டதற்கு மாவுக்கட்டார் ஒரே வரி எழுதிக் கொடுத்தார்: "கட்டுப் போடப்பட்ட அனைவரும் பூரண குணமடைந்துவிட்டனர்." தணிக்கையாளர் சிரிக்கவில்லை. இந்த வழக்கம் தொடரலாமா, நிறுத்த வேண்டுமா என்று தலைமை அலுவலகத்தைக் கேட்கச் சொல்லிவிட்டுப் போனார். என்ன பதில் வரும் என்று எனக்கும் மாவுக்கட்டாருக்கும் தெரியும்.

"பதில் வர்ற வரைக்கும் நிறுத்தோணுமுங்களா?" என்றார் மாவுக்கட்டார்.

"அப்படி விதி இல்லைங்க டாக்டர்."

போனவர் வாசலில் நின்று திரும்பினார். "பதில் சீக்கிரம் வந்துருமுங்களா?" அதற்கு முன் அவர் எதற்கும் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

கடிதம் அச்சாகி என் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதற்குள், பல்லடத்தில் விசைத்தறி ஓட்டும் ஒருவர் பைக்கிலிருந்து விழுந்து, முறிந்த காலோடு வந்து சேர்ந்தார். கட்டுப் போட்டவர் நித்யாதான். மறுநாள் காலை போய் எப்படி இருக்கிறது என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லைங்க அம்மணி. கொஞ்சம் வலிக்குதுங்க. நீங்க போய் டிபன் சாப்புடுங்க."

எங்கள் ஊர்க்காரர் வலியைக்கூட அடுத்தவருக்குத் தொந்தரவில்லாமல்தான் சொல்வார். கால் முறிந்தால் வலிக்கத்தான் செய்யும் என்றார் நர்ஸ். நித்யா நகரவில்லை.

"அரிக்குதா?"

"அதெல்லாம் எங்கீங்க தெரியுது? வலிதானுங்க தெரியுது."

இரண்டு நாளும் அரிப்பைத் தவிர வேறெதையும் நினைக்க முடியாமல் கிடந்தவர் நித்யா. அரிப்பைக்கூட உணரவிடாத வலியா என்று அவருக்குச் சந்தேகம் தட்டியது. கால்விரலை லேசாக நிமிர்த்திப் பார்த்தார். அந்த மரியாதைக்காரர் வார்டே திரும்பிப் பார்க்கும்படி அலறினார்.

அங்கேயே கட்டை மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டு, நித்யா மாவுக்கட்டாரைக் கூப்பிட்டார். உள்ளே வீங்கிய தசை ரத்த ஓட்டத்தை நெரித்துக்கொண்டிருந்தது. உடனே அறுவை செய்து தசையைச் சுற்றியிருந்த உறையைத் திறந்துவிட்டார்கள். மதியம் வரை விட்டிருந்தால் கால் போயிருக்கும்.

வெளியே வந்த மாவுக்கட்டார், "அந்த ஸ்கேலுக்கு இது சரியாப் போச்சுங்க அம்மணி" என்று மட்டும் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் அறைக்கு வந்து அந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதினேன். பயிற்சிப் பிரிவுக்கு முகவரியிட்டேன். பொருள் செலவாவதால் நிதிப் பிரிவின் கருத்தையும், கால் இன்னொருவருடையது என்பதால் சட்டப் பிரிவின் கருத்தையும் பெற்றுத் தெரிவிக்குமாறு பணிவுடன் வேண்டினேன். அந்த மூன்று பிரிவுகளும் ஒரு விஷயத்தில் ஒன்றுசேர்ந்து வாய் திறந்ததாகச் சரித்திரம் இல்லை. நடுவில் நிதிப் பிரிவு, முறியாத கால்களின் எக்ஸ்ரேயை அனுப்பும்படி கேட்டது. இடது காலா, வலது காலா என்று திருப்பிக் கேட்டேன். நினைவூட்டல் அனுப்பவில்லை. அனுப்பியே தீர வேண்டும் என்று விதியில் எங்கும் சொல்லவில்லை.

மாவுக்கட்டார் அவ்வப்போது என் அறைக்குள் எட்டிப் பார்ப்பார்.

"வந்துருச்சுங்களா?"

"இல்லைங்க."

"அப்பச் சரிங்க. புதுசா வந்தவங்களைப் படுக்கச் சொல்றேனுங்க."

"மேற்படி வழக்கத்தைத் தாங்கள் உடனே நிறுத்த வேண்டும்" என்று அவர் பெயருக்கே ஆணை ஒருவழியாக வந்தது. "பெறுநர் பணியில் இல்லை" என்று எழுதிக் கோப்பை மூடினேன். படிப்பு முடிந்து அதே பிரிவில் வேலைக்குச் சேர்ந்திருந்த நித்யா, மாடியில் யாரோ ஒரு புதியவரின் நல்ல காலுக்கு மாவுக்கட்டு நனைத்துக்கொண்டிருந்தார்.

அந்தப் பதில் வந்த தேதி, மாவுக்கட்டார் ஓய்வு பெற்றதற்கு மறுநாள். ஒரு நாள் முன்னால் வர நான் விட்டிருக்க மாட்டேன்.