நீலக்கோடு விழுந்த கர்லாக்கட்டை

பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே பிழையார் அந்தத் தீர்மானத்தை எடுத்துவிட்டார். வாய் நிறைய நுரை இருந்ததால் உடனே அறிவிக்க முடியவில்லை.

பிழையார் என்பது அச்சகத்தில் வைத்த பெயர். அடுத்தவர் எழுதியதில் பிழை பார்ப்பது அவருடைய வேலை. வயிறும் அந்தப் பெயருக்கு நன்றாகவே ஒத்துழைத்தது. அந்த வயிற்றைப் பார்த்துத்தான் டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். பக்கத்து வீட்டில் இருந்த ஓய்வுபெற்ற டிரில் மாஸ்டர் வழி சொன்னார்: "கர்லாக்கட்டை சுத்துங்க சார். வயிறு தானா ஓடிடும்."

கடையில் வாங்கியிருக்கலாம். ஆனால் பிழையாருக்கு ரொம்ப நாளாக ஓர் ஏக்கம். உலகத்தில் அவர் வைத்த கமாக்கள் லட்சம் இருக்கும். அவரே எழுதிய வாக்கியம் ஒன்றுகூட இல்லை. சாவதற்குள் 'இது நான் செய்தது' என்று ஒன்றைக் காட்ட வேண்டாமா?

வாயைக் கொப்பளித்துவிட்டு நேராகக் கூடத்துக்கு வந்தார். அங்கே மனைவி தையல் மெஷினில் இருந்தாள். தெருவில் பாதிப் பேருக்கு அவள்தான் டெய்லர்.

"ஏம்மா, நான் ஒரு கட்டை செய்யப் போறேன்."

அவள் நூலைக் கடித்துத் துப்பினாள். "யாரை அடிக்க?"

"அடிக்க இல்லம்மா. சுத்த."

"யாரைச் சுத்த?"

"என்னைத்தான். தலையைச் சுத்தி, தோளைச் சுத்தி, முதுகைச் சுத்தி..."

"எனக்கு இப்பவே தலை சுத்துது."

"கேலி பண்ணாதே. ராஜாக்கள் எல்லாம் கதை வச்சிருப்பாங்களே, அதுக்குத் தம்பி மாதிரி இருக்கும்."

"கதைதான் தினம் விடறீங்களே. இனிமே கையிலயும் வச்சுக்கப் போறீங்களா?"

பிழையார் அசரவில்லை. அவர் கணக்கு வேறு. நாற்காலி செய்தால் நாலு காலும் சமமாக வேண்டும். பெட்டி செய்தால் மூட வேண்டும். கர்லாக்கட்டைக்கு என்ன? ஒரு பக்கம் பருமன், ஒரு பக்கம் ஒல்லி. இதில் தப்பு பண்ண இடமே இல்லை.

இடம் இருந்தது.

மரக்கடையிலிருந்து ஓர் உருண்டைக் கட்டை வந்தது. கூடவே கைக்கோடரி, உளி, அரம், உப்புத்தாள். வேலை முடிந்து வந்ததும் பிழையார் பின்புறத்து முற்றத்தில் உட்கார்ந்து வெட்டுவார். வலப்பக்கம் கொஞ்சம் கூடுதலாகப் போகும். சமப்படுத்த இடப்பக்கம் வெட்டுவார். அது இன்னும் கூடுதலாகப் போகும். கட்டை வருவதற்கு முன் கட்டைவிரலில் கட்டு வந்துவிட்டது. முதல் வாரம் முடிந்தபோது கட்டை பூசணிக்காயை விழுங்கிவிட்டு யோசிக்கிற பாம்பு மாதிரி இருந்தது.

அடுத்த வாரம் அதிசயம் ஆரம்பித்தது.

ஒரு நாள் சாயங்காலம் வந்து பார்த்தால் பாம்பின் கழுத்தில் இருந்த கோணலைக் காணோம். மறுநாள் ஒரு பக்கத்து மேடு இறங்கியிருந்தது. அதற்கு அடுத்த நாள் கைப்பிடி உருண்டு திரண்டு நின்றது. பிழையார் கட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"எப்படி வந்திருக்கு பாரு!"

"அடேங்கப்பா! நேத்து இப்படி இல்லையே?"

"மரம் அப்படித்தான். முதல்ல முரண்டு பிடிக்கும். அப்புறம் கை சொன்னபடி கேக்கும்."

"யார் கை?"

"இந்தக் கைதான்!" என்று கட்டுப்போட்ட விரலோடு கையை ஆட்டினார்.

"ஓ," என்றாள் அவள். குனிந்து ஊசியில் நூல் கோத்தாள். அன்றைக்கு நூல் கோக்க அவளுக்கு வெகுநேரம் பிடித்தது. தோள் வேறு குலுங்கியது.

உள்ளுக்குள் பிழையாருக்கும் சந்தேகம்தான். ஒரு நாள் கட்டையின் மேல் மெல்லிய நீலக்கோடு ஒன்றைப் பார்த்தார். இத்தனை வருஷம் பிழை பிடித்த மூளை விறுவிறுவென்று வேலை செய்தது. இது சாக். சாக் யார் கையில் இருக்கும்? வாத்தியார் கையில். வாத்தியார் எங்கே இருக்கிறார்? சுவருக்கு அந்தப் பக்கம். கர்லாக்கட்டை பற்றித் தெரிந்தவரும் அவர்தான். ஆக, டிரில் மாஸ்டர் பகலில் சுவரேறிக் குதித்து, பரிதாபப்பட்டுச் சரிசெய்துவிட்டுப் போகிறார்!

மானஸ்தன் என்ன செய்வான்? போய்க் கேட்பான். பிழையார் கேட்கவில்லை. கேட்டால் மனிதர் நிறுத்திவிடுவாரே! அன்றிலிருந்து சாயங்காலம் உளியை நாலு தட்டு தட்டுவார். மரத்தூளை எடுத்துச் சட்டையில் பூசிக்கொள்வார். மனைவி காதில் விழும்படி இருமுவார். கஷ்டமான இடத்தையெல்லாம் அப்படியே விட்டு வைப்பார். மறுநாள் அது முடிந்திருக்கும்.

கட்டை கடைந்தெடுத்தாற்போல் வந்து முடிந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மனைவியின் தங்கையும் அவள் கணவரும் வந்திருந்தார்கள். சகலை லாரி ஓட்டுபவர். கட்டையைத் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினார்.

"அண்ணே, சமமா இருக்கு. எந்தப் பக்கமும் இழுக்கல. எனக்கும் ஒண்ணு செஞ்சு தாங்களேன். ஸ்டியரிங்கைப் பிடிச்சுப் பிடிச்சுத் தோளே இறுகிப்போச்சு."

"அதுக்கென்ன தம்பி! அடுத்த தடவை வரும்போது எடுத்துட்டுப் போங்க."

அக்காவும் தங்கையும் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பெருமை தாங்கவில்லை போலிருக்கிறது என்று பிழையார் நினைத்துக்கொண்டார்.

புதுக் கட்டையை வாங்கி முற்றத்தில் வைத்தார். வழக்கம்போல் நாலு தட்டு. இருமல். மறுநாள் வந்து பார்த்தால் அப்படியே இருந்தது. அதற்கு மறுநாளும் அப்படியே. கட்டை கட்டையாகவே கிடந்தது. சகலை வரும் நாள் நெருங்க நெருங்கப் பிழையாருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் சுவரோரம் போய் நின்றார்.

"மாஸ்டர், உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"நல்லாத்தானே இருக்கேன்?"

"இல்ல... முதல் கட்டைக்கு இருந்த ஆர்வம் ரெண்டாவதுக்குக் காணோமேன்னு..."

"என்ன சார் சொல்றீங்க?"

பிழையார் சுற்றி வளைத்து எல்லாவற்றையும் சொன்னார். டிரில் மாஸ்டர் சிரித்த சிரிப்பில் சுவரில் இருந்த காக்கா பறந்தது.

"நானா? சுவர் ஏறவா? இந்த முழங்காலோட கட்டில்லயே ஏற முடியாது சார்! சுத்தத் தெரியும், செதுக்கத் தெரியாது. அந்தக் கோடு என்ன கலர்னு சொன்னீங்க?"

"நீலம். மெல்லிசா, நேரா."

"எங்க சாக்பீஸ் போட்டா மொத்தமா, வெள்ளையா விழும். நீங்க சொல்ற கோடு போன வாரம் என் புதுச் சட்டையில இருந்தது. தைக்கக் கொடுத்து வாங்கினேனே, உங்க வீட்டுல."

பிழையார் வாழ்க்கையில் தவறவிட்ட மிகப் பெரிய பிழை அதுதான். வீட்டுக்குள் ஓடினார். மனைவி மெஷினில் இருந்தாள். விரலிடுக்கில் நீலச் சாக்.

"நீயா... கட்டை?" என்றார் மூச்சிரைக்க.

"ஆமா, நான் கட்டைதான். நீங்க மட்டும் என்ன பனைமரமா?"

"விளையாடாதே. அந்தக் கட்டையைச் செஞ்சது நீயா?"

அவள் மெஷினை நிறுத்தினாள். சிரிப்பும் வெட்கமுமாக முகம் மாறியது.

"கோணலைப் பார்த்தா எனக்குக் கை அரிக்குங்க. கழுத்தை மட்டும் சரி பண்ணிட்டு வச்சிடலாம்னுதான் எடுத்தேன். இன்ச் டேப் வச்சு அளந்தேன். அட்டையில பாதி உருவம் வெட்டி வச்சுப் பார்த்தேன். அப்புறம் விட முடியல. அரத்தை இழுக்கும்போது 'சர்ர்'னு ஒரு சத்தம் வருமே..."

"எனக்கு வந்ததே இல்லையே?"

"நீங்க அரத்தைத் திருப்பிப் பிடிச்சிருந்தீங்க."

"ஏன் சொல்லல?"

"அதைத் தூக்கிட்டுச் சின்னப் பையன் மாதிரி ஓடி வந்தீங்க. கெடுக்க மனசு வரல."

பிழையாருக்கு நெஞ்சு கனத்தது. ஆனாலும் சகலை நினைவுக்கு வந்தார்.

"அப்ப இந்த ரெண்டாவது கட்டை?"

"அது நீங்க கொடுத்த வாக்கு. எனக்கு எங்க நேரம்? பகல் பூரா தையல். சாயங்காலம் சமையல், பாத்திரம்..."

"சமையலை நான் பார்த்துக்கறேன்! பாத்திரமும்!"

"நிஜமாவா?" என்றாள். கொஞ்சம் சீக்கிரமாகவே கேட்டுவிட்டாள்.

அன்று முதல் உப்புத்தாள் அவள் கையில், உப்பு இவர் கையில். அவள் வேலையில் மட்டும் அளவு சரியாக இருந்தது. ஆனால் சமையலறை ஜன்னலிலிருந்து பார்த்தால் முற்றம் தெரியும். அவள் ஒரு கண்ணை மூடிக்கொண்டு கட்டையை உயர்த்திப் பார்ப்பாள். அரம் 'சர்ர்' என்னும். தலையெல்லாம் மரத்தூள். பிழையார் கரண்டியும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டே இருப்பார். பிழை தேடாமல் அவர் ஒன்றைப் பார்த்தது அதுதான் முதல் தடவை. அந்த நேரத்தில் அடியில் பிடித்தவை எல்லாம் தனிக்கணக்கு.

சகலை வரும் நாளும் வந்தது. புதுக் கட்டை கூடத்தில் பளபளவென்று நின்றது. அதைப் பார்க்கப் பார்க்கப் பிழையாருக்கு உறுத்தியது. மரத்தூள் படிந்த தலை கண்முன் வந்தது. சகலை கட்டையைத் தொட்டதும் எழுந்து நின்றார். தொண்டையைச் செருமினார்.

"தம்பி, ஒரு உண்மை சொல்லணும். இதை நான் செய்யல. முதல் கட்டையும் நான் செய்யல. ரெண்டும் உங்க அக்கா கைவேலை. பேர் வாங்கினதுதான் நான்."

மனைவி சட்டென்று நிமிர்ந்து பார்த்தாள். கண் லேசாகக் கலங்கியிருந்தது. அது போதும் பிழையாருக்கு. இனி மற்றவர்கள் திகைக்க வேண்டியதுதான் பாக்கி. ஒருவரும் திகைக்கவில்லை.

"தெரியுமே அண்ணே," என்றார் சகலை, கட்டையை உருட்டிக்கொண்டே. "போன தடவை நீங்க குளிச்சிட்டு இருந்தப்பவே அக்கா சொல்லிட்டாங்க. எனக்கும் ஒண்ணு வேணும்னேன். உடனே சரின்னாங்க."

"அப்ப என்கிட்ட எதுக்குக் கேட்டீங்க?"

"அக்காதான் கேக்கச் சொன்னாங்க. 'அவர் வாயால சரின்னு சொல்லட்டும் தம்பி, எனக்குக் கொஞ்ச நாள் சமையல் வேலை மிச்சம்'னாங்க."

பிழையார் மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்த்தாள். ஒருமுறை மூக்கை உறிஞ்சினாள்.

"ஏங்க," என்றாள் கனிவாக, "அடுப்புல என்னமோ கருகுது பாருங்க."