இரண்டு பொத்தானும் ஓர் ஊசியும்

இன்றைக்கு ஊசி போடும்போது குழந்தையை மடியில் பிடித்துக்கொள்ளப் போவது தானில்லை என்று தையல்காரர் காலையிலேயே கங்கணம் கட்டிக்கொண்டார். நாளெல்லாம் ஊசியோடு புழங்குகிற மனிதர்தான். ஆனால் துணி அழாது. மூன்று மாதக் குழந்தை அழும். அதுவும் அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழும்.

போன தடவை மனைவிதான் பிடித்திருந்தாள். தண்ணீர் குடிக்கப் போன தையல்காரர் எல்லாம் முடிந்த பிறகுதான் திரும்பி வந்தார்.

"இந்தத் தடவை உங்க முறைங்க."

"முறை கிறைன்னு எதுக்கும்மா? பொதுவா ஒண்ணு வச்சுக்கலாம்." வெட்டு மேசையிலிருந்து இரண்டு கோட்டுப் பொத்தான்களை எடுத்தார். ஒரே அளவு, ஒரே நிறம். ஒரு பக்கம் பளபளப்பு, மறுபக்கம் மங்கல். "ரெண்டையும் சுண்டுவேன். மூணு விதமாத்தான் விழும். ரெண்டும் பளபளப்பு, ரெண்டும் மங்கல், இல்ல ஒண்ணு பளபளப்பு ஒண்ணு மங்கல்னு மாறி. ரெண்டும் ஒரே மாதிரி விழுந்தா நீ பிடி. மாறி விழுந்தா நான்."

மூன்றில் இரண்டு அவள் தலையில். தன் மூளையை நினைத்து அவருக்கே புல்லரித்தது.

"எனக்கு ரெண்டு, உங்களுக்கு ஒண்ணா? நல்லா இருக்கே நியாயம்."

"சரி, நீதான் சொல்லேன்."

"ரெண்டும் மங்கலா விழுந்தா யாருக்கும் இல்ல, மறுபடி போடுங்க. ரெண்டும் பளபளப்புன்னா நான். மாறி விழுந்தா நீங்க."

ஆளுக்கு ஒன்று. போனால் போகிறது என்று பெருந்தன்மையோடு ஒத்துக்கொண்டார்.

சுண்டினார். மாறி விழுந்தது.

"இது ஒத்திகை."

மறுபடி சுண்டினார். மறுபடியும் மாறி.

"பொத்தான்ல ஏதோ கோளாறு," என்றார். சந்தேகம் தீர இருபது தடவை சுண்டி, மேசை ஓரத்தில் சாக்குக்கட்டியால் கோடு போட்டார். மாறி விழுந்தது பதினொன்று. பளபளப்பு ஐந்து. மங்கல் நாலு. பொத்தான்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். கடித்தும் பார்த்தார்.

மனைவி டப்பாவைத் துழாவி ஒரு கறுப்புப் பொத்தானும் ஒரு வெள்ளைப் பொத்தானும் எடுத்து வைத்தாள்.

"இப்ப எண்ணுங்க. ரெண்டும் பளபளப்பு, ஒண்ணு. ரெண்டும் மங்கல், ரெண்டு. கறுப்பு பளபளப்பு, வெள்ளை மங்கல், மூணு. கறுப்பு மங்கல், வெள்ளை பளபளப்பு?"

"நாலு," என்றார் சுருதி இறங்கி.

"உங்க பொத்தான் ரெண்டும் ஒரே நிறம். அதான் கடைசி ரெண்டும் உங்க கண்ணுக்கு ஒண்ணாத் தெரிஞ்சது. உங்களுக்கு ரெண்டு, எனக்கு ஒண்ணே ஒண்ணு. முதல்ல நீங்க சொன்னபடியே விட்டிருந்தா ஆளுக்குப் பாதி."

"அப்போ தெரிஞ்சேதான் மாத்தினியா?"

"நீங்க தெரியாமலா ஏமாத்தப் பார்த்தீங்க?"

தையல்காரர் குழந்தையின் பையை எடுத்துத் தோளில் மாட்டினார்.

ஆஸ்பத்திரியில் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டு, "யார் பிடிக்கறீங்க?" என்றார் நர்ஸ். தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் என்று தையல்காரரின் கண் தேடியது. அந்தப் பக்கம் மனைவி தென்பட்டாள். சுவர் பக்கம் திரும்பி, கண்ணை இறுக மூடி, முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். போன தடவையும் இப்படித்தான் பயந்திருப்பாள். பார்க்கத்தான் அவர் அங்கே இல்லை.

உட்கார்ந்து மடியை விரித்தார்.

குழந்தை ஒரு நிமிடம் அழுதது. தையல்காரர் வெளியே பெஞ்சுக்கு வந்த பிறகும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, ஒருவேளை நான் ஜெயிச்சிருந்தா?"

"நான் அழுதிருப்பேன். நான் அழுதா நீங்க தாங்கமாட்டீங்க. அதையும் நேத்தே எழுதிப் பார்த்துட்டேன்."

ஒரு துண்டுச் சீட்டை நீட்டினாள். ஜெயிப்பார். தோற்பார். ஒத்திகை என்பார். தலைவலி என்பார். நாலு வரிக்கும் நேராக ஒரே விடைதான் எழுதியிருந்தது: அப்பா மடி.