டொக்குச் சாமியும் பத்து ஸ்க்ரூவும்

எழுபத்து நாலாம் வருஷம் செங்கல்பட்டு ஸ்டேஷன் டாக்சி ஸ்டாண்டில் ஒரு பேய் வேலைக்குச் சேர்ந்தது. புளியமரம், முருங்கைமரம் எல்லாம் அதற்குப் பிடிக்காது. அம்பாசடர் கார்தான் பிடிக்கும். அதிலும் பின்கதவுக்குள்தான் குடித்தனம். வண்டி வளைவில் திரும்பினால் உள்ளேயிருந்து டொக், டொக் என்று தட்டும்.

பேய் வந்தால் சாமியார் வர வேண்டுமே. இங்கே அவர் முன்னாடியே வந்துவிட்டார். படாளம் பக்கம் ஏதோ சுடுகாட்டில் பன்னிரண்டு வருஷம் தவமாம். ஏன் பன்னிரண்டு? பதினொன்று என்றால் எவன் நம்புவான்? ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டில் இருந்த வண்டிகளுக்கெல்லாம் இலவசமாகக் காப்புக் கட்டினார். மறுநாளிலிருந்து ஒவ்வொரு வண்டியாகத் தட்ட ஆரம்பித்தது. "நான் காப்புக் கட்டினதாலதான் வெறுமனே தட்டுது, இல்லேன்னா கழுத்தப் புடிச்சிருக்கும்" என்றார். ஜனங்கள் டொக்குச் சாமி என்று பேர் வைத்துக் காலில் விழுந்தார்கள்.

வெள்ளிக்கிழமையானால் ஸ்டாண்டில் கால் வைக்க இடம் கிடையாது. வண்டியே இல்லாதவர்கள்கூட வந்தார்கள். ஒருத்தர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, "சாமி, பெடலாண்ட ஒரு சத்தம் வந்துகினு கீது" என்றார். சாமி மேலும் கீழும் பார்த்துவிட்டு, "கேரியர் இல்ல. பேய் எங்க குந்தும்? எண்ணெ போடு" என்றார். கூட்டம் மெய்சிலிர்த்தது.

காப்புக் கட்டும் முறையே தனி. பின்கதவுக் கண்ணாடியை இறக்க வேண்டும். கற்பூரம் கொளுத்தியதும் எல்லாரும் கண்ணை மூட வேண்டும். திறந்தால் பார்வை போய்விடும். அப்போது சாமி, கண்ணாடி இறங்கும் சந்துக்குள் ஒரு பிடி விபூதி போடுவார். பிறகு நாற்பத்தெட்டு நாள் அந்தக் கதவில் இரும்பு படக்கூடாது. ஸ்க்ரூடிரைவர் இரும்புதானே? மெக்கானிக்குகள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

பரிகாரம் ஒன்றே ஒன்று. அமாவாசைக்குள் வண்டியை விற்றுவிட வேண்டும். இல்லாவிட்டால் பேய் வீட்டு ஆம்பளையைக் கேட்கும். பேய் பிடித்த வண்டியை யார் வாங்குவார்கள்? சாமியின் மச்சான் காசிநாதன் ஊரப்பாக்கத்தில் இருந்தார். பெரிய மனசு. மூன்று வண்டியை அடிமாட்டு விலைக்கு வாங்கி உதவி செய்தார்.

நாலாவது வண்டி காத்தவராயனுடையது. மனைவி ஆதியம்மாளின் காதிலும் கழுத்திலும் இருந்ததெல்லாம் போட்டு வாங்கிய பழைய அம்பாசடர். அது போனால் வீட்டில் ஆறு வயிறும் காயும். மாமல்லபுரம் பார்க்க வந்தவர்கள் சத்தம் கேட்டுப் பாதி வழியில் இறங்கி ஓடினார்கள். மிச்சமிருந்த ஒரே வாடிக்கை நெம்மேலி குப்பம்மா. பஸ்ஸில் மீன் கூடையை ஏற்றவில்லை என்று இந்த வண்டியில்தான் மார்க்கெட்டுக்கு வருவாள்.

ஸ்டாண்டில் தட்டாத வண்டி ஒன்றே ஒன்று. ஏசுபாதத்தின் வண்டி. ஆயுத பூஜையன்று அதற்கு மட்டும் காப்புக் கட்டவில்லை. "அது வேற டிபார்ட்மென்ட்டு" என்று சாமி விட்டுவிட்டார்.

புதன்கிழமை ஏசுபாதம் காத்தவராயனிடம் கேட்டார்: "மச்சான், வித்த மூணு வண்டியும் ஊரப்பாக்கத்துல ஓடிகினு கீது. நானே ஏறிப் பாத்தேன், ஒரு சத்தம் இல்ல. பேய் கூடுவாஞ்சேரில எறங்கி டீ குடிக்கப் பூட்ச்சா?"

"பேஜாரு பண்ணாத நைனா. ஆதி மூணு நாளா சோறு துன்னல. வெள்ளிக்கெழம சாவியக் குடுக்குறேன்னு சொல்லிட்டேன்."

"குடு. அதுக்கு முன்னாடி என் வண்டிக்கும் ஒரு காப்புக் கட்டச் சொல்லலாம்."

அன்று மத்தியானம் ஏசுபாதம் ஒரு கட்டு வைக்கோல் வாங்கிக்கொண்டு போனார். மாடு இல்லாத ஆளுக்கு வைக்கோல் எதற்கு என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். வியாழக்கிழமை சாமி சந்தோஷமாகக் காப்புக் கட்டினார். பேய்க்கு மதம் கிடையாது என்று அன்றைக்குத்தான் அவருக்குத் தெரிந்ததாம்.

வெள்ளிக்கிழமை. அமாவாசைக்கு இன்னும் ரெண்டு நாள். சாவி வாங்கக் காசிநாதனும் வந்துவிட்டார். "ஏசுபாதம் வண்டியிலயும் ஏறிடுச்சு, வாங்க, கேளுங்க" என்று சாமி முன்சீட்டில் ஏறினார். பின்னால் காத்தவராயன், குப்பம்மா, சாமியின் முதல் பக்தர் முனிசாமி. வண்டி ஏரிக்கரை வளைவில் திரும்பியது.

"கேக்குதா?" என்றார் சாமி.

"கேக்குது சாமி, டொக்கு டொக்குன்னு" என்றார் முனிசாமி. "என் நெஞ்சுலயே இடிக்குது."

"எனுக்கு ஒண்ணியும் கேக்கலியே" என்றாள் குப்பம்மா.

"நம்பிக்க இல்லாத காதுல வுழாது."

காத்தவராயன் காதைத் தேய்த்துக்கொண்டார். "லேசா கேக்குற மாதிரிதான் கீது."

ஏசுபாதம் வண்டியை ஓரம் கட்டி இஞ்சினை அணைத்தார். "இப்ப?"

"இப்பவும் கேக்குது" என்றார் முனிசாமி.

ஸ்டாண்டுக்குத் திரும்பியதும் சாமி கூட்டத்தைப் பார்த்துக் கையைத் தூக்கினார். "என் காதால கேட்டேன். இந்த வண்டியும் அமாவாசைக்குள்ள போயாவணும்."

ஏசுபாதம் ஸ்க்ரூடிரைவரை எடுத்தார்.

"இரும்பு படக்கூடாது."

"சாமி, வண்டியே இரும்புதான்."

பத்து ஸ்க்ரூ. கதவின் உள்பக்க அட்டை கையோடு வந்தது. அடியில் தடிமனாக வைக்கோல். அதன்மேல் விபூதி. விபூதிக்கு நடுவில், கோழி முட்டையிட்ட மாதிரி, விரல் தடிமனில் ஓர் ஈயக்கட்டி.

குப்பம்மா அதை எடுத்து உருட்டிப் பார்த்தாள். "இது வலைக்குக் கட்டுற ஈயமாச்சே. இந்தச் சாமிதான எங்க குப்பத்துக்கு வந்து மடி நெறைய வாங்கினு போனாரு. கடலுக்குப் பூஜைன்னாரு."

"புதன்கெழமையே வைக்கோல் வெச்சிட்டேன்" என்றார் ஏசுபாதம். "மெத்தையில படுத்துகினு கீற ஈயம் எப்டித் தட்டும்? தட்டாத சத்தம் உனுக்கு எப்டிக் கேட்டுச்சு சாமி?"

சாமி தாடியைத் தடவினார். "என் சக்தியில பேயி ஈயமா ஆயிடுச்சு."

காத்தவராயன் ஸ்க்ரூடிரைவரை வாங்கித் தன் வண்டிக் கதவைத் தானே கழற்றினார். ஈயம் ரோட்டில் விழுந்தது. டொக். மூன்று வாரமாகத் தட்டி, ஆதியம்மாளைப் பட்டினி போட்ட சத்தம் அதுதான். சாவியை மடியில் செருகிக்கொண்டார். காசிநாதன் இருந்த இடம் காலி.

"ஏறு சாமி" என்று பின்கதவைத் திறந்தார் காத்தவராயன். "போலீஸ் ஸ்டேஷனுக்கு. வழியில எதுனா தட்டினா சொல்லு."

வண்டி சத்தமில்லாமல் போனது. ரோட்டில் கிடந்த ஈயக்கட்டிக்கு முனிசாமி கற்பூரம் ஏற்றிக்கொண்டிருந்தார். நாலு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

கார் கதவைத் திறந்து பார்க்கப் பத்து ஸ்க்ரூ கழற்ற வேண்டும். நம் தலைக்கு ஒரு ஸ்க்ரூவும் கிடையாது ஐயா. அதைத் திறக்க என்ன கஷ்டம்?