தொண்ணூற்றாறாம் பக்கம்

தொண்ணூற்றாறாம் பக்கத்தில் என்ன இருக்கிறது என்பது அந்த அறையில் உட்கார்ந்திருந்தவர்களில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் தெரியாது. அந்த ஆள்தான் புத்தகத்தை எழுதியவர்.

"தொண்ணூத்தாறாம் பக்கத்தை எழுதுறப்ப உங்க மனசுல என்ன சார் ஓடிச்சு?" என்று முதல் வரிசையிலிருந்து எழுந்து கேட்டார் ஒரு பஸ் கண்டக்டர். கேட்டுவிட்டு, டிக்கெட் கிழித்துக் கொடுத்தவர் சில்லறைக்குக் காத்திருப்பதைப் போல அப்படியே நின்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, நூலகத்தின் மாடி. அறுபது நாற்காலி, அறுபதிலும் ஆள். எல்லார் மடியிலும் ஒரே புத்தகம். அட்டையில் ஒரு பெண்ணின் முதுகு. அதன்மேல் சிவப்பில் 'கருங்கதவு' என்ற புனைபெயர். இருட்டு மாளிகை, பூட்டிய அறை, வெட்கத்தை விற்றுத் தின்ற காமம் என்று இரண்டே நாவலில் வாசகர்களின் தூக்கத்தைக் கெடுத்தவர்.

அந்தக் கருங்கதவு மேசைக்குப் பின்னால் மூக்குக்கு மேலே கறுப்புக் கண்ணாடியும் மூக்குக்குக் கீழே முகக்கவசமுமாக உட்கார்ந்திருந்தார். மற்ற ஆறு நாளும் அவர் இரண்டு தெரு தள்ளி பூட்டுக்கடை வைத்திருப்பவர். இருபத்திரண்டு வருடமாகக் கடைக்கு வந்தவர்கள் அவரிடம் பேசியதெல்லாம் சாவி தொலைந்த கதைதான். பூட்டு வாங்கிப் போனவன் எவனும் திரும்பி வந்து, உங்கள் பூட்டு அருமை என்று சொன்னதில்லை. ஒருமுறையாவது, நேருக்கு நேர், முகத்துக்கு முன்னால் யாராவது பாராட்ட வேண்டும். அந்த ஒரு ஆசைக்காகத்தான் வந்திருந்தார். வரும் வழியில் பதிப்பாளர் ஒரு நிபந்தனையும் போட்டிருந்தார். இந்த வாசகர் வட்டம் கையைத் தட்டினால் மூன்றாவது நாவல். காறித் துப்பினால் முதல் இரண்டோடு கடையைக் கட்ட வேண்டியதுதான்.

தொண்ணூற்றாறாம் பக்கம் அவருக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், கூச்சம். மாளிகையை எழுதுவார், மழையை எழுதுவார், மாடிப்படியில் ஏறிவரும் காலடிச் சத்தத்தை எழுதுவார். கதவு சாத்தியதும் மூன்று வரிக்குப் புள்ளி வைத்துவிட்டு, நேராக விடியலுக்குப் போய்விடுவார். அச்சாகி வந்த புத்தகங்களைப் பிரித்துப் பார்க்கவும் கூச்சப்பட்டு, கட்டோடு பரணில் போட்டுப் பூட்டிவிட்டார். தன் புகழெல்லாம் அந்தப் புள்ளிகளின் புகழ் என்றே இத்தனை நாளும் நம்பியிருந்தார்.

அதனால் அதையே பதிலாக எடுத்துவிட்டார்.

"என் எழுத்தோட உயிரே அந்த மூணு வரிப் புள்ளிதாங்க. சொல்லாம விட்டதுலதான் எல்லாம் இருக்கு."

அறை அதிரச் சிரித்தது. கண்டக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புள்ளியா? சார், அது பதினோரு பக்கம் சார்."

கருங்கதவு முகக்கவசத்தை மேலே இழுத்துவிட்டுக்கொண்டார். கையில் இல்லாத சரக்கை இருக்கிறது என்று சொல்லிவிட்ட வியாபாரிக்கு ஒரே வழிதான்: வாங்க வந்தவனைப் பேசவிட்டு நேரத்தைக் கடத்துவது.

"நீங்களே கொஞ்சம் வாசிங்களேன். என் எழுத்தை வாசகர் குரல்ல கேக்கணும்னு எனக்கு ரொம்ப நாள் ஆசை."

கண்டக்டர் வாசித்தார். அடுத்த நிறுத்தம், அதற்கடுத்த நிறுத்தம் என்று கூவிப் பழகிய குரல். ஒளிவுமறைவே தெரியாத குரல். முதல் பத்தியில் கருங்கதவின் காது சூடானது. இரண்டாவது பத்தியில், இந்த வேலைக்கு முழங்கால் அந்தப் பக்கம் மடங்குமா என்று சந்தேகம் வந்தது. மூன்றாவது பத்தியில் முகக்கவசத்துக்குள் விட்ட மூச்சு மேலே ஏறி, கறுப்புக் கண்ணாடி முழுக்க ஆவி படிந்துவிட்டது. தட்டுத்தடுமாறிக் கழற்றித் துடைத்தார்.

துடைத்துக்கொண்டே நிமிர்ந்தவர் கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே, அறையிலேயே மெத்தை வைத்த ஒரே நாற்காலியில், மடியில் கைப்பையும் கையில் புத்தகமுமாக அவருடைய மாமியார் உட்கார்ந்திருந்தார். அறுபத்தோராவது ஆள். அந்த நாற்காலியைப் பதிப்பாளரே தூக்கிவந்து போட்டிருந்தார். வயதுக்குக் கொடுத்த மரியாதை என்று நினைத்துக்கொண்டார் மருமகன்.

முப்பது வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்து ஓய்வு பெற்றவர் அந்த அம்மாள். சாட்சி இருமினால் 'இருமினார்' என்று அடித்துவைத்தவர். சிரித்து யாரும் பார்த்ததில்லை. போன மாதம்தான் கடைக்கு வந்து, உத்தரவாத அட்டையில் ஒரு வரி நிரப்பாமல் கிடப்பதைப் பார்த்துவிட்டு, "காலி இடத்தை இப்படி விடக்கூடாது மாப்ளே, எவனாவது நிரப்பிடுவான்" என்று சொல்லி, இருநூறு அட்டையிலும் மருமகனையே கோடு போட வைத்துவிட்டுப் போனார். அவர் வீட்டு வாசல் பூட்டு மருமகன் கையால் மாட்டியது. மாட்டிய அன்று, சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, மருமகனை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தி, உள்ளே தாழ் போட்டு, அரைமணி நேரம் வாசலிலேயே நிறுத்திவைத்தவர். சோதித்துப் பார்க்காமல் எதையும் நம்பமாட்டார்.

பூட்டு வியாபாரிகள் சங்கக் கூட்டத்துக்குப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு வந்த மருமகன், அவசரமாகக் கண்ணாடியை மாட்டினார். மாமியாருக்குக் குரல் தெரியும் என்பது அப்புறம்தான் உறைத்தது. உடனே குரலையும் மாற்றிக் கரகரவென்று பேசினார்.

"போதும், நிறுத்துங்க. மனசு தாங்கல."

தொண்டைதான் தாங்கவில்லை என்று நினைத்த பதிப்பாளர் ஒரு செம்புத் தண்ணீரோடு ஓடிவந்தார். தண்ணீர் குடிக்க முகக்கவசத்தைக் கழற்ற வேண்டியதாயிற்று. செம்பின் மறைவிலேயே முணுமுணுத்தார் கருங்கதவு.

"யோவ், யாருய்யா எழுதினது அந்தப் பதினோரு பக்கம்?"

பதிப்பாளர் விழித்தார். "நீங்கதான?"

"நான் புள்ளி வச்சு அனுப்பினேன். நீ படிக்கலையா?"

"டைப்புக்குக் கொடுத்தேன், அச்சுக்குக் கொடுத்தேன், அட்டைக்கு ஒரு முதுகு தேடிப்பிடிச்சேன். நடுவுல உக்காந்து படிக்க வேற செய்யணுமா?"

இந்த வியாபாரத்தில் சரக்கைப் பிரித்துப் பார்த்தவன் வாசகன் ஒருவன்தான் என்பது அப்போது இருவருக்கும் விளங்கியது.

அதற்குள் வாசகர் வட்டத்தின் தலைவி எழுந்துவிட்டார். பல் டாக்டர். வலிக்கும் இடத்தை முதலில் கண்டுபிடித்துவிட்டு, பிறகு அங்கேயே தட்டிப் பார்க்கிற பழக்கம் உள்ளவர்.

"நான் நேராவே கேக்குறேன். உங்க கதையில ஒருத்தன் ஒரு பொண்ணை நாப்பது நாள் மாடியறையில அடைச்சு வைக்கிறான். நாப்பதாம் நாள் அவளே அவனை 'உள்ளே வா'ன்னு கூப்பிடுறா. அடைச்சு வச்சவன் மேல ஆசை வருமா? இருட்டா எழுதுங்க, காமமா எழுதுங்க, எங்களுக்கு ஒண்ணும் இல்ல. நாங்க எல்லாம் சின்னப் பிள்ளைங்க இல்ல. ஆனா அவளுக்கு விருப்பமா இல்லையான்னு எழுதினவருக்காவது தெரியணுமில்ல?"

நியாயமான கேள்வி. கருங்கதவுக்கே அதற்கு விடை வேண்டியிருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"இது வெறும் கதைதானேம்மா."

பல் டாக்டர் நடந்துவந்து தன் புத்தகத்தை மேசைமேல் வைத்தார். பின்னால் ஒரு பெண் வந்து அதன்மேல் இன்னொன்றை வைத்தார். அப்புறம் இரண்டு பேர். அப்புறம் ஒரு வரிசையே நகர்ந்து வந்தது. பழுதான பூட்டைத் திருப்பிக் கொடுக்க வருகிறவர்களின் முகம் அவருக்கு நன்றாகத் தெரியும். அதே முகம்தான் எல்லாருக்கும். அடுக்கு உயர்ந்து அவர் தாடையைத் தொட்டது. தயங்கித் தயங்கிக் கண்டக்டரும் எழுந்தார். கடைசி வரிசையில் மாமியார் மட்டும் அசையவில்லை.

"ஒரு நிமிஷம்" என்றார் கருங்கதவு. கரகரப்பை மறந்துவிட்டார். "திருப்பிக் கொடுக்குறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு. தொண்ணூத்தஞ்சாம் பக்கத்துல கடைசி ரெண்டு வரி. அப்புறம் தொண்ணூத்தாறுல முதல் ரெண்டு வரி. அதை மட்டும் வாசிங்க."

தொண்ணூற்றைந்து அவர் கையால் எழுதியது. அந்த ஒரு தைரியம்தான்.

கண்டக்டர் வாசித்தார். "'அவன் கதவை இழுத்தான், பித்தளை நைட் லாட்ச் டக்கென்று விழுந்தது. சாவி அவன் சட்டைப்பையில் கனத்தது.'" பக்கத்தைப் புரட்டினார். "'நாற்பதாம் நாள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டே அவன் வாசலில் நின்றான். உள்ளே வா, என்றாள் அவள்.'"

பூட்டுக்கடைக்காரரின் முதுகு நிமிர்ந்தது. இந்த இரண்டாவது பாதியை எழுதியது எந்தப் புண்ணியவானோ தெரியாது. ஆனால் அவனுக்குப் பூட்டு தெரிந்திருந்தது.

"சாவி கையில இருக்கு. அப்புறம் ஏன் வாசல்ல நிக்கிறான்?" என்று கேட்டார்.

கருங்கதவு எழுந்து அறை வாசலுக்கே போனார். நூலகத்துக் கதவிலும் அதே பூட்டு. எட்டு வருடத்துக்கு முன்னால் அவர் கடையிலிருந்து போனது.

"இதுதாங்க நைட் லாட்ச். வெளியே இருக்கிறவனுக்குத்தான் சாவி வேணும். உள்ளே இருக்கிறவங்களுக்கு எதுவும் வேணாம், இந்தக் குமிழைத் திருகினா திறந்துக்கும்." திருகினார். திறந்தது. "அந்தப் பொண்ணு முதல் நாளே இறங்கிப் போயிருக்கலாம். போகல. அது மட்டும் இல்ல. இங்க பாருங்க, சின்னதா ஒரு பொத்தான். இதை உள்ளேயிருந்து தள்ளிட்டா, வெளியே நிக்கிறவன் கையில நூறு சாவி இருந்தாலும் திரும்பாது."

நூலகரின் சாவியை வாங்கிக் கொடுத்து, பல் டாக்டரை வெளியே நிற்கச் சொன்னார். கதவைச் சாத்திப் பொத்தானைத் தள்ளினார். வெளியே அந்தச் சாவி கடகடவென்று ஆடியது, கதவு அசையவில்லை. உள்ளே அறுபது பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு கேட்டார்கள்.

"அந்த வீட்டுல நாப்பது நாளா அடைபட்டுக் கிடந்தது அவ இல்லம்மா" என்று கதவைப் பார்த்துச் சொன்னார் கருங்கதவு. "வெளியே நின்னவன்தான். அவளுக்கு எப்ப விருப்பமோ அப்பத்தான் 'உள்ளே வா'ன்னா. உள்ளே இருக்கிற ஆளால திறக்க முடியாத பூட்டை என் வாழ்நாள்ல நான் வித்ததே இல்ல."

"வித்ததா?" என்றார் கண்டக்டர்.

"எழுதினதே இல்லன்னு சொல்ல வந்தேன்."

கதவைத் திறந்தபோது பல் டாக்டர் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். உள்ளே வரவில்லை. கருங்கதவுக்கு ஒரு கணம் சந்தேகம். பிறகு புரிந்து, "உள்ளே வாங்க" என்றார்.

அப்போதுதான் அவர் உள்ளே வந்தார். வந்து, முதல் ஆளாகக் கையைத் தட்டினார். அப்புறம் கூரை பிய்ந்துகொண்டது. அடுக்கி வைத்த புத்தகங்கள் வந்த வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பிப் போயின. யாருடையது யாரிடம் போனது என்று யாரும் கவலைப்படவில்லை. ஒரு புத்தகத்துக்கு இரண்டு பேர் சண்டை போட்டார்கள். பதிப்பாளர், மூன்றாவது நாவல் அச்சில் இருப்பதாகவே அறிவித்துவிட்டார். கண்டக்டர் குனிந்து, "நான் ஒம்பது தடவை படிச்சேன் சார், இந்தப் பூட்டைக் கவனிக்கவே இல்ல. என்னா மூளை சார் உங்களுக்கு" என்றார். அதை அவர் முகத்துக்கு நேராகச் சொன்னார். கண்ணாடியையும் முகக்கவசத்தையும் எங்கே வைத்தோம் என்பதுகூடக் கருங்கதவுக்கு நினைவில்லை.

கையெழுத்து வாங்க வரிசை நின்றது. போட்டுப் போட்டு விரல் மரத்துப்போன நேரத்தில் கடைசிப் புத்தகம் மேசைக்கு வந்தது. நிமிர்ந்து பார்த்தார். கைப்பை, மூக்குக்கண்ணாடி, சிரிக்காத முகம்.

"அத்தை, வந்து, சங்கக் கூட்டம் சீக்கிரமா முடிஞ்சதால..."

மாமியார் புத்தகத்தை விரித்து, முதல் பக்கத்தைத் தாண்டி, தொண்ணூற்றாறாம் பக்கத்தில் விரலை வைத்து, இங்கே போடுங்கள் என்பது போலத் தட்டினார். மருமகன் போட்டார். வாழ்க்கையில் எந்த உத்தரவாத அட்டையிலும் அவ்வளவு ஒழுங்காகக் கையெழுத்துப் போட்டதில்லை. மாமியார் அதை ஒருமுறை சரிபார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, அவர் பெயருக்குப் பக்கத்திலேயே தன் பெயரையும் எழுதி, மை காய ஊதிவிட்டுப் புத்தகத்தை மூடினார்.

"மூணு வரிப் புள்ளிக்குப் பதினோரு பக்கத்துக்கு மேல டைப் அடிக்க எனக்கே கொஞ்சம் கூச்சமா இருந்துச்சு, அடுத்த கதையில அஞ்சு வரியா வைங்க, மாப்ளே."